நீல இன்ஹேலர் அடித்தால் நெஞ்சு படபடக்கிறதே?

கேள்வி: சிங்கப்பூரில், தெம்பனிஸில் வசிக்கிறோம். மகனுக்கு 7 வயது. ஆஸ்துமா இழுப்பு வந்தால் நீல நிற வென்டோலின் இன்ஹேலர் கொடுக்கிறோம். உடனே நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்கிறான். பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியார், "இதயம் கெட்டுப்போகும், நிறுத்து" என்கிறார். பயந்துபோய், தினமும் போடும் ஆரஞ்சு நிற ஃபுளூட்டிகசோன் இன்ஹேலரையும் ஒரு மாதமாக நிறுத்திவிட்டேன். சரிதானா?

பதில்: ஆரஞ்சு இன்ஹேலரை இன்றைக்கே, பழைய அளவிலேயே, மறுபடி தொடங்குங்கள் அம்மா. அது மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைக்கும் மருந்து. இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்காது. அதை நிறுத்தினால் வீக்கம் திரும்பும், நீல இன்ஹேலர்தான் அடிக்கடி தேவைப்படும்.

படபடப்பு வருவது உண்மைதான். வென்டோலினில் உள்ள சால்பியூட்டமால் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துகிறது. கொஞ்சம் இரத்தத்தில் கலந்து இதயத்தையும் கைத் தசையையும் தொடுகிறது. சில மணி நேரத்தில் அடங்கிவிடும். இதயம் நன்றாக உள்ள குழந்தைக்கு, வழக்கமான அளவில் அது கெடுதல் செய்யாது. புளோக்கின் கீழ்த்தளத் திறந்தவெளியில் பந்து விளையாடும்போதும் அவன் நெஞ்சு அப்படித்தான் அடித்துக்கொள்ளும்.

இன்ஹேலரில் பொருத்தும் குழாயான ஸ்பேசரை வைத்துக் கொடுங்கள், மருந்து தொண்டையில் படிவது குறையும். இன்ஹேலருக்குப் பயந்து சிரப்புக்கு மட்டும் மாறிவிடாதீர்கள். இந்த வயதுக்குச் சால்பியூட்டமால் சிரப்பில் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராம் கொடுப்பார்கள். இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வரும் ஒரு பஃப்பில் இருப்பது 100 மைக்ரோகிராம். அதாவது 20 பஃப் மருந்து வயிற்றுக்குள் போகிறது. படபடப்பு அதில்தான் அதிகம்.

மாமியாரின் பயத்தையும் தள்ளிவிடாதீர்கள். முன்பு ஆஸ்துமாவுக்குப் பரவலாகக் கொடுத்த தியோஃபிலின் என்ற மருந்து, அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். அந்தக் காலத்துப் பேச்சு காதில் விழுந்திருக்கலாம்.

மருந்து போடாதபோதும் படபடப்பு வந்தால், ஓடும்போது மயங்கி விழுந்தால், பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்தால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், அவசியம் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஈசிஜி எடுத்துப் பார்ப்பார்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு: வாரத்துக்கு எத்தனை நாள் நீல இன்ஹேலர் தேவைப்படுகிறது? இரண்டு நாளுக்கு மேல் என்றால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. பாலிகிளினிக்குக்கு (அரசு மருந்தகத்துக்கு) சீக்கிரம் போங்கள். மூச்சுத்திணறி ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாவிட்டாலோ உதடு நீலமானாலோ, படபடப்பைப் பற்றி யோசிக்காமல் வென்டோலின் கொடுத்துக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

அப்புறம், பாலிகிளினிக்குக்கு மாமியாரையும் அழைத்துப்போங்கள். ஸ்பேசர் பிடிக்கும் முறையை நர்ஸ் அவருக்கும் காட்டட்டும். பகலில் இழுப்பு வந்தால் பக்கத்தில் இருக்கப்போவது அவர்தானே.