அறிவியல் சங்கத்தின் வழிகாட்டித் திட்டத்தில் சேரலாமா?

சிங்கப்பூரில் ஆய்வக வேலை, வேதியியல் சங்கத்தில் உறுப்பினர், அங்கே வழிகாட்டித் திட்டத்தில் சேர வேண்டுமா, மேலாளரே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் சேருங்கள். மேலாளர்தான் உங்கள் ஆண்டு மதிப்பீட்டை எழுதுகிறவர். "இந்த வேலையை விட்டுவிடலாமா" என்று அவரிடம் போய்க் கேட்க முடியுமா? வெளியாள் ஒருவரிடம் கேட்கலாம்.

நடைமுறை பெரிதாக ஒன்றுமில்லை. துறை, அனுபவம், எதற்கு உதவி வேண்டும் என்று படிவத்தில் எழுதினால், பொருத்தமான மூத்த உறுப்பினரோடு சேர்த்துவிடுவார்கள். பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி மாதிரியான அமைப்புகளில் 'சார்ட்டர்ட் கெமிஸ்ட்' என்ற தொழில்முறை அங்கீகாரத் தகுதிக்குத் தயாராகிறவர்களுக்கும் வழிகாட்டி உண்டு.

என் வழிகாட்டியை கிம் மோ உணவங்காடியில்தான் சந்திப்பேன். முதல் நாளே கோப்பி ஓ (பாலில்லாத காப்பி) ஆறிப்போகும்வரை என் சுயவிவரத்தைப் படித்தவர், எச்பிஎல்சி, ஜிசி‍எம்எஸ் என்று நான் அடுக்கியிருந்த கருவிப் பெயர்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, "சரி, இதையெல்லாம் வைத்து எந்தச் சிக்கலைத் தீர்த்தீங்க, அதை எழுதுங்க" என்றார். மூன்று வருடமாக யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

அப்புறம் ஒன்று: சந்திப்பு தேதியை நீங்களே கேட்டு வாங்குங்கள், பேச வேண்டியதைச் சந்திப்புக்கு முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். அவர்கள் சம்பளம் வாங்காமல் நேரம் ஒதுக்குகிறார்கள். இரண்டு மூன்று சந்திப்பிலும் ஒத்துவரவில்லையென்றால் ஒருங்கிணைப்பாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள், வேறொருவரைக் கேட்பதில் தப்பே இல்லை.