படத்தில் பனி ஏன் சாம்பலாக விழுகிறது?

கேள்வி: ஜனவரியில் மறுபடியும் ஜப்பானின் ஹொக்கைடோ போகிறோம். போன முறை பனிப்படங்கள் எல்லாம் சாம்பல் பூத்திருந்தன, பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்தது. என்ன செய்யலாம்?
– தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் வெண்மையையும் நடுத்தரச் சாம்பலாக்கவே கணக்குப் போடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள். படத்தின் இருள், வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டக் கூடாது. முட்டினால் பனியின் பொடிப்பொடியான பரப்பு வெறும் வெள்ளையாகிவிடும், கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா (RAW) கோப்பில்கூட முழுதாக மீட்க முடியாது. அந்தப் பரப்பு எடுப்பாகத் தெரிய, காலை மாலைச் சாய்வெயில்தான் சரி.

குளிரில் பேட்டரியின் வேதிவினை மந்தமாகும். உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள்.

அறைக்குத் திரும்பும்போதுதான் பெரிய ஆபத்து. நம்மூரில் ஏர்கோன் காரைவிட்டு இறங்கியதும் மூக்குக்கண்ணாடி வேர்க்குமே, அப்படி லென்ஸில் நீர் கோக்கும். மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு, வெளியிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடுங்கள். உள்ளே போய் 2 மணி நேரம் திறக்கவே வேண்டாம்.