பழைய காரின் பெற்றோல் தாங்கி ஒழுகினால்: முதலில் கழற்றுங்கள்

மானிப்பாயிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஐயா, அப்பா வைத்திருந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55 கார் இன்னும் ஓடுகிறது. கொஞ்ச நாளாக டிக்கிக்குள் பெற்றோல் மணம். குனிந்து பார்த்தால் தாங்கியின் அடிப்பக்கம் நனைந்திருக்கிறது. எபொக்சி புட்டி இரண்டு தரம் பூசியும் திரும்பக் கசிகிறது. புதுத் தாங்கிக்கு எங்கே போவது? வெல்டிங் செய்கிற ஒருவர், கழற்றவே தேவையில்லை, அப்படியே வைத்து ஒட்டித் தருகிறேன் என்கிறார். படகு திருத்துகிற நண்பர் பைபர் போட்டால் சரி என்கிறார். எது மலிவு?"

வெல்டிங்காரரின் யோசனையை முதலில் கைவிடுங்கள். காரில் பூட்டியிருக்கும் தாங்கியில் வெல்டிங் செய்யக் கூடாது. கழற்றிய தாங்கியிலும், அதைக் கழுவி ஆவி நீக்கிப் பழகிய ஆள் இல்லாமல் செய்யக் கூடாது. "பெற்றோலை வடித்துவிட்டோம், வெறும் தாங்கிதானே" என்று சொல்வார்கள். நிரம்பிய தாங்கியைவிட வெறும் தாங்கிதான் மோசமானது. எரிவது திரவம் அல்ல, ஆவி. காற்றில் அந்த ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். சில கரண்டி பெற்றோல் மிஞ்சினாலே தாங்கி முழுவதும் அந்த அளவுக்கு வந்துவிடும். வடித்து, வெயிலில் நாள்கணக்காகக் காய வைத்தாலும் பொருத்துகளுக்குள்ளும் துருப் படைக்குள்ளும் ஒளிந்திருக்கும் பெற்றோல் சூடு பட்டதும் ஆவியாக வெளியே வரும். சைலன்சர் புகையைக் குழாயால் உள்ளே விட்டால் காற்று வெளியேறிவிடும் என்று ஒரு பழைய வித்தை உண்டு. அதை நம்பி வெல்டிங் கோலைக் கையில் எடுக்க வேண்டாம்.

சரி, இனி உங்கள் காருக்கு வருவோம். ஒழுகுவது தாங்கிதானா என்று நிச்சயப்படுத்தாமல் ஒரு சதம்கூடச் செலவழிக்காதீர்கள். "தாங்கி ஓட்டை" என்று சொல்லப்படுவதில் கணிசமானவை தாங்கியே அல்ல. பெற்றோல் ஊற்றும் வாய்க்கும் தாங்கிக்கும் இடையில் இருக்கும் ரப்பர் குழாய் வெடித்திருக்கும். அளவுமானி பூட்டிய இடத்தில் உள்ள கோர்க் காஸ்கெட் காய்ந்து சுருங்கியிருக்கும். வடிகால் பூட்டின் வாஷர் தேய்ந்திருக்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயின் நட்டு தளர்ந்திருக்கும். இவற்றில் எதுவானாலும் கசிந்த பெற்றோல் தாங்கியின் வெளிப்புறமாக வழிந்து அடியில்தான் சொட்டும். பார்க்கிறவர் அடியில் ஓட்டை என்று நினைத்து அங்கே புட்டியைப் பூசுவார். நீங்கள் இரண்டு தரம் பூசியும் நிற்கவில்லை என்கிறபோது எனக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் வருகிறது.

கண்டுபிடிப்பது சுலபம். பற்றரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தாங்கியின் அடியையும் பக்கங்களையும் சீலைத் துணியால் வடிவாகத் துடைத்துக் காயவிடுங்கள். முகத்துக்குப் போடும் பவுடரை எல்லாப் பக்கமும் தூவுங்கள். சற்று நேரத்தில் கசிகிற இடத்திலிருந்து கறுத்த கோடு ஒன்று கீழே இறங்கும். கோடு எங்கே முடிகிறது என்பதை விடுங்கள், எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். நிரப்பிய அன்று மட்டும் மணம் வந்து, அரைத் தாங்கிக்கு இறங்கியதும் நின்றுவிட்டால் கோளாறு மேலே, அதாவது ரப்பர் குழாயில் அல்லது காஸ்கெட்டில். எப்போதும் சொட்டினால்தான் அடித் தகடு அல்லது வடிகால் பூட்டு. டிக்கிக்குள் மணம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் மேல்பக்கத்தையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

ரப்பர் மாற்றும்போது ஒரு கவனம். பழைய சைக்கிள் ரியூபை வெட்டி வாஷராகவோ சுற்றாகவோ போடுவது நம்மவர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் அந்த ரப்பர் பெற்றோலில் ஊறிப் புடைத்துக் கூழாகிவிடும். பெற்றோலுக்கென்று செய்த குழாயும் வாஷரும் வாங்குங்கள், பெரிய விலை இல்லை. சிலிக்கோன் பசையும் இங்கே சரிவராது.

தாங்கியில்தான் ஓட்டை என்று தெரிந்தால் கழற்ற வேண்டியதுதான். இந்த வேலையில் மலிவுக்கு வழி அதுதான். காரில் வைத்தபடி பூசுகிறபோது பெற்றோல் ஈரம் இருக்கும், பழைய பெயின்ற் இருக்கும், மேல்பக்கத்துத் துரு கண்ணுக்கே தெரியாது. பூசியது பெயின்றில்தான் ஒட்டியிருக்கும், தகட்டில் அல்ல.

வடிக்கும்போது திறந்த வெளியில் நில்லுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே கராஜ் குழிக்குள் இந்த வேலை கூடாது, குசினிப் பக்கமும் கூடாது. குழாயை வாயில் வைத்து இழுக்காதீர்கள், ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். பிளாஸ்ரிக் வாளியில் பிடிக்காமல், பெற்றோலுக்கென்று உள்ள கானில் பிடியுங்கள். கிணற்றடியில் வைத்துத் தாங்கியைக் கழுவாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல், மேலே ஊற்றியது விரைவாக நிலத்தடி நீருக்குப் போய்விடும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது சனம் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை.

கழற்றிய தாங்கியைச் சூடான நீரும் சலவைச் சோடாவும் விட்டுப் பல தரம் குலுக்கிக் கழுவுங்கள். ஒரு பிடி நட்டுகளையோ சிறு சங்கிலித் துண்டையோ உள்ளே போட்டுக் குலுக்கினால் துரு உதிரும், பிறகு எண்ணி வெளியே எடுங்கள். யாழ்ப்பாணத்துப் பழைய கார்களின் வயிற்றில் நிறையக் கதை இருக்கும். 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு இந்த ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் சிறிதளவு பெற்றோலில் கிளம்பி, மண்ணெண்ணெயில் ஓடியவை. கிடைத்ததை ஊற்றி ஓட்டிய காலம் அது. பெற்றோலைவிடத் தண்ணீர் கனம் என்பதால், எண்ணெயோடு வந்த தண்ணீர் அடியில் தங்கி உள்ளிருந்தே தகட்டைத் தின்றுவிடும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் மாதக்கணக்காக வெறுமையாகக் கிடந்த தாங்கிகளிலும் உட்புறம் வியர்த்துத் துருப்பிடித்திருக்கும். வெளியே பண்ணைப் பாலத்து உப்புக் காற்றும் மாரி மழைச் சேறும். தாங்கியைக் கட்டிப் பிடிக்கும் பட்டிக்கு அடியில், ஈரம் காயாத இடத்தில்தான் அரிப்பு மிக மோசமாக இருக்கும். பட்டியை எடுக்காமல் அது தெரியாது.

கழுவும்போது புதிதாக ஓட்டைகள் திறக்கலாம், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. இவ்வளவு நாளும் துரு அடைத்துக்கொண்டிருந்த ஓட்டைகள் அவை. தெருவில் திறப்பதைவிட முற்றத்தில் திறக்கட்டும்.

அடுத்தது தகடு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது. ஸ்குறூ டிரைவரின் பிடியால் அடிப்பக்கம் முழுவதும் தட்டுங்கள். பெருவிரலால் அமர்த்துங்கள். நல்ல தகடு இறுக்கமாகச் சத்தம் கொடுக்கும். அமர்த்தியதும் உள்ளே வளைந்தால், அல்லது ஸ்குறூ டிரைவரின் நுனி துளைத்துக்கொண்டு போனால், அந்த இடத்தை எந்தப் பசையும் காப்பாற்றாது. அடி முழுவதும் அப்படியென்றால் திருத்தக் காசு போடாமல், உடைத்த கார் ஒன்றின் தாங்கியைத் தேடுங்கள். அதே மொடல்தான் வேண்டும் என்றில்லை. அளவும் வாயும் பொருந்தினால் பட்டியை மாற்றிப் பூட்டலாம்.

ஊசித் துளைகளும் பொருத்து வெடிப்புகளும் மட்டும் என்றால் என் தெரிவு ஈயப் பற்றாசு, அதாவது ஈயத்தை உருக்கி ஒட்டுவது. அந்தக் காலத்துத் தாங்கிகள் பலவற்றின் தகட்டில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு உண்டு. அதில் பற்றாசு நன்றாகப் பிடிக்கும். சாதாரணப் பற்றாசு 190 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும், வெல்டிங்கின் வெப்பத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. ஆனாலும் தாங்கியை முன்சொன்னபடி கழுவி, ஒட்டுகிற இடத்துக்குச் சற்றுக் கீழ் வரை தண்ணீர் நிரப்பி, வாய்களைத் திறந்து வைத்துத்தான் தொடங்க வேண்டும். செம்புத் தலை கொண்ட பெரிய சூட்டுக்கோலை அப்பால் எங்கேயாவது காய்ச்சி எடுத்து வர வேண்டும், தாங்கியின் மேல் காஸ் சுவாலையைப் பிடிக்கவே கூடாது. 3 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டையை ஈயம் மட்டும் அடைக்காது. அதற்குச் சுற்றிலும் 2 சென்ரிமீற்றர் கூடுதலாக ஒரு பித்தளைத் தகடு வெட்டி, இரண்டு பக்கத்துக்கும் ஈயம் பூசி ஒட்ட வேண்டும். பற்றாசுக்குப் பாவிக்கும் அமிலத்தைப் பிறகு நன்றாகக் கழுவாவிட்டால் அடுத்த மாரிக்குள் பக்கத்திலேயே துரு தொடங்கும். இதை நீங்களே செய்ய வேண்டியதில்லை. ரேடியேற்றர் திருத்துகிற பழைய ஆட்களுக்கு இது தெரிந்த வேலை. கழுவிய தாங்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி மட்டும்தான்.

பற்றாசு வைக்க ஆள் கிடைக்காவிட்டால் எபொக்சிதான். இம்முறை முறையாகப் பூசுங்கள். தகடு வெள்ளையாக மினுங்கும் வரை அரத்தாள் கொண்டு கையால் தேயுங்கள், கிரைண்டர் வேண்டாம். தின்னரால் துடைத்து, காய்ந்த பிறகு கையால் தொடாமல், முதல் பூச்சைத் துளைக்குள் அழுத்தி விடுங்கள். அதன் மேல் கண்ணாடி இழைத் துணியை வைத்து இன்னொரு பூச்சு. ஒரு நாள் முழுவதும் காயட்டும். உங்கள் நண்பரின் பைபர் யோசனையில் பாதி சரி. துணி நல்லது, ஆனால் படகுக்குப் பாவிக்கும் பொலியெஸ்ரர் ரெசின் உருக்குத் தகட்டில் உறுதியாகப் பிடிக்காது. ஆட்டத்திலும் வெயிலிலும் மெல்ல உரிந்துவிடும். துணியை அவரிடம் வாங்கிக்கொண்டு, ரெசினுக்குப் பதில் எபொக்சி போடுங்கள்.

ஒரு யோசனை உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் யாராவது சொல்வார்கள்: மீன்பிடி எஞ்சினின் பிளாஸ்ரிக் தாங்கியை டிக்கிக்குள் வைத்து ஓட்டுவது. அதைச் செய்யாதீர்கள். படகில் ஆவி கடற்காற்றோடு போகும், டிக்கியில் அது ஆட்களோடு சேர்ந்து பயணம் செய்யும்.

தெருவில் போகும்போது திடீரென்று ஒழுகத் தொடங்கினால், காய்ந்த பார் சவர்க்காரத்தை அந்த இடத்தில் அழுத்தித் தேயுங்கள். பெற்றோல் அதை எளிதில் கரைக்காது. தண்ணீர் கரைத்துவிடும், ஆகவே மழையில் அதை நம்ப முடியாது. கராஜ் வரை போகலாம், அவ்வளவுதான்.

ஒட்டி முடிந்ததும் காரில் ஏற்ற அவசரப்படாதீர்கள். நாலைந்து லீற்றர் மண்ணெண்ணெய் விட்டு, வாய்களை அடைத்து, செய்தித் தாளின் மேல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். பெற்றோலைவிட ஆபத்துக் குறைவு, நுண்ணிய துளைக்குள்ளும் இறங்கும். தாளில் கறை இல்லையென்றால் திருப்பி மறுபக்கம் ஓர் இரவு. கொம்பிரசர் காற்றை மட்டும் அடித்துப் பார்க்காதீர்கள், தாங்கி வயிறு புடைத்துப் பொருத்துகள் எல்லாம் விட்டுவிடும்.

பூட்டும்போது பெற்றோல் மூடியின் காற்றுத் துளையை ஒரு ஊசியால் குத்திப் பாருங்கள். அது அடைத்திருந்தால் பம்ப் இழுக்க இழுக்கத் தாங்கி உள்வாங்கும், ஒட்டிய இடம் திரும்ப வெடிக்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயில், உள்ளே தெரிகிற மலிவான பில்டர் ஒன்றைப் பூட்டுங்கள். கழுவிய தாங்கியிலிருந்து இன்னும் சில வாரங்களுக்குத் துருத்தூள் வரும். பில்டர் சிவந்ததும் மாற்றுங்கள், இரண்டாவது பில்டரையும் சேர்த்தே வாங்கி வையுங்கள்.