தப்பு யார் மேல், பிழை எதில்? மிஸ்டேக், எரர், ஃபால்ட், ராங்

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பிய பில்லில் தொகை மாறிப்போய்விட்டது. 'சாரி ஃபார் தி ஃபால்ட் இன் தி இன்வாய்ஸ். ஐ ஆம் மிஸ்டேக்' என்று மன்னிப்புக் கேட்டு எழுதினேன். என் மேலாளர் 'ஃபால்ட்' என்பதை அடித்துவிட்டு 'எரர்' என்று போட்டார். இரண்டாவது வாக்கியத்தை எடுத்தே விட்டார். அகராதியில் எல்லாவற்றுக்கும் 'தவறு' என்றுதான் இருக்கிறது. எதை எங்கே எழுதுவது?

பதில்: மேலாளர் திருத்தியது சரிதான். ஆனால் காரணம் தெரியாவிட்டால் அடுத்த கடிதத்திலும் இதே இடத்தில் தயங்குவீர்கள்.

'தவறு' என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போவதால்தான் இந்தக் குழப்பம். பேசும்போது நாம் அந்த ஒரு சொல்லோடு நிற்பதில்லை. 'தப்பு என் மேல்தான்' என்கிறோம். 'என்னுடையது என்று நினைத்து உங்கள் குடையை எடுத்து வந்துவிட்டேன்' என்கிறோம். 'கூட்டலில் பிழை இருக்கிறது' என்கிறோம். முதலாவதில் பேச்சு பொறுப்பைப் பற்றியது. இரண்டாவதில் ஒருவர் ஒன்றை இன்னொன்றாக நினைத்துவிட்டார். மூன்றாவதில் ஆளே இல்லை, தாளில் உள்ள எண்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் இவை வரிசையாக ஃபால்ட், மிஸ்டேக், எரர். எழுதுவதற்கு முன் மனதில் எந்தத் தமிழ் வாக்கியம் வருகிறது என்று கவனியுங்கள், பெரும்பாலும் சரியான சொல் கிடைத்துவிடும்.

மிஸ்டேக் என்ற சொல் வட ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியின் 'மிஸ்டாகா'விலிருந்து வந்தது. தவறாக எடுத்தல் என்று பொருள். 'தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்' என்று நாம் சொல்வதில் இருப்பதும் அதே எண்ணம்தான். ஆகவே மிஸ்டேக் என்றால் அங்கே ஓர் ஆள் உண்டு. அவர் ஏதோ நினைத்தார் அல்லது முடிவெடுத்தார், அது சரியாக அமையவில்லை. அடுத்தவர் சாவியைத் தன்னுடையது என்று எடுத்துப்போனது மிஸ்டேக். ஒத்துவராத வேலையை ஏற்றுக்கொண்டதும் மிஸ்டேக்.

'பை மிஸ்டேக்', 'பை ஆக்சிடென்ட்' இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறைய. ஆக்ஸ்ஃபோர்ட் தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டின் 1956-ல் இதற்குச் சொன்ன உதாரணத்தை விடத் தெளிவான ஒன்றை நான் பார்த்ததில்லை. உங்கள் கழுதையும் என் கழுதையும் ஒரே வயலில் மேய்கின்றன. என் கழுதை எனக்குப் பிடிக்காமல் போய், அதைச் சுடுகிறேன். போய்ப் பார்த்தால் செத்தது உங்களுடையது. இது பை மிஸ்டேக், அடையாளத்தில் ஏமாந்துவிட்டேன். இப்போது என் கழுதையைச் சரியாகத்தான் குறிபார்க்கிறேன், சுடும் நேரத்தில் கழுதைகள் இடம் மாறி உங்களுடையது விழுகிறது என்று வையுங்கள். அது பை ஆக்சிடென்ட். நினைப்பு கோணினால் மிஸ்டேக், நினைப்பு சரியாக இருந்தும் நடந்தது கோணினால் ஆக்சிடென்ட்.

அடுத்து எரர். லத்தீனில் 'எர்ராரே' என்றால் அலைதல், வழி தவறிப் போதல். வழி தவறினார் என்று சொல்ல, சரியான வழி ஒன்று முன்பே இருக்க வேண்டும் இல்லையா? அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு விதியோ அளவோ இருக்கும் இடங்களில் இந்தச் சொல் அதிகம் வருகிறது: கணக்கு, எழுத்து, கணினி நிரல், அளவீடு. தமிழில் 'பிழை' நிற்கும் இடங்களும் ஏறத்தாழ இவைதான். அறிவியலில் எரர் என்றால் யாரோ அசட்டையாக இருந்தார் என்று அர்த்தமே இல்லை. எவ்வளவு கவனமாக அளந்தாலும் மிஞ்சும் விலகலுக்கும் அதுதான் பெயர். 'மார்ஜின் ஆஃப் எரர்' என்பதில் எரரை எடுத்துவிட்டு மிஸ்டேக்கைப் போட முடியாது.

மொழி கற்பிப்பவர்கள் இந்த இரண்டு சொற்களையும் வேறு விதமாகப் பிரிப்பார்கள். மொழியியலாளர் பிட் கார்டர் 1967-ல் வகுத்தது இது. விதி தெரிந்தும் களைப்பிலோ அவசரத்திலோ சறுக்கினால் மிஸ்டேக், விதியே மனதில் சரியாகப் பதியாமல் திரும்பத் திரும்ப வந்தால் எரர். அன்றாடப் பேச்சில் யாரும் இவ்வளவு கறாராகப் பிரிப்பதில்லை. ஆனால் உங்கள் 'ஐ ஆம் மிஸ்டேக்' எந்த வகை என்று நீங்களே பார்த்துக்கொள்ள இது உதவும். இரண்டாவது வகையாக இருந்தால் திருத்துவது சுலபம். தவறாக நினைத்துவிட்டேன் என்பதற்கு 'ஐ வாஸ் மிஸ்டேக்கன்'. தவறு செய்துவிட்டேன் என்பதற்கு 'ஐ மேட் எ மிஸ்டேக்'. இங்கே 'டிட்' வராது, 'மேட்' தான் வரும். தமிழில் இரண்டுக்கும் 'செய்' என்றே இருப்பதால் நம் கை தானாக 'டிட்' பக்கம் போகும், அதைக் கொஞ்சம் தடுக்க வேண்டும். 'ஐ ஆம் எ மிஸ்டேக்' என்று எழுதிவிட்டாலோ, நான் இருப்பதே தவறு என்றாகிவிடும்.

ஃபால்ட் என்பதற்கு இரண்டு முகம். ஒன்று பொறுப்பு: 'இட்ஸ் மை ஃபால்ட்' அப்படியே 'தப்பு என் மேல்தான்'. குற்றம் கண்டுபிடிப்பது 'ஃபைண்டிங் ஃபால்ட்'. இன்னொன்று பழுது: மின் இணைப்பில், இயந்திரத்தில், பிரேக்கில் ஃபால்ட் இருக்கும். பாறை உடைந்து நகர்ந்த பிளவையும் நிலவியலில் ஃபால்ட் என்றே சொல்கிறார்கள். பில் ஓர் இயந்திரம் இல்லை. அதில் ஓர் எண் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே 'ஃபால்ட் இன் தி இன்வாய்ஸ்' காதில் உறுத்துகிறது, அந்த இடத்துக்கு உரியது எரர்.

ராங் என்ற சொல்லின் பழைய பொருள் 'முறுக்கியது, கோணலானது'. ரைட் என்பதற்கு 'நேரானது'. நாமும் கோணல் புத்தி என்கிறோம், நேர் என்பதிலிருந்து நேர்மை என்கிறோம். அதனால் ராங் என்பதில் தகவலும் உண்டு, அறமும் உண்டு. 'ஐ வாஸ் ராங்' என்றால் பெரும்பாலும் என் கணிப்பு பொய்த்தது என்று பொருள். 'இட் வாஸ் ராங் ஆஃப் மீ' என்றால் நான் அப்படி நடந்துகொண்டிருக்கக் கூடாது. 'ஐ டிட் இட் ராங்' செய்முறையைச் சொல்கிறது. நடுவில் உள்ள 'இட்' விழுந்து 'ஐ டிட் ராங்' என்றானால் தீங்கு செய்ததை ஒப்புக்கொள்வதாகிவிடும். இன்கரெக்ட் என்பதில் இந்த அறச் சுமை கிடையாது, தகவல் சரியில்லை என்பதோடு நிற்கும். பெரியவர் ஒருவரின் கணக்கைத் திருத்தும்போது 'யூ ஆர் ராங்' என்று ஆளைச் சொல்லாமல், 'திஸ் ஃபிகர் சீம்ஸ் இன்கரெக்ட்' என்று எண்ணைச் சொல்லுங்கள். கொஞ்சம் விலகியிருக்கிறது, அவ்வளவுதான் என்றால் இனாக்குரேட் போதும்.

சில்லறையாக இன்னும் சில. பெரிய, தவிர்த்திருக்கக்கூடிய தவறு பிளண்டர். சதுரங்கக் குறிப்புகளில் மிஸ்டேக்குக்கு ஒரு கேள்விக்குறி, பிளண்டருக்கு இரண்டு என்பதிலிருந்தே அளவு புரியும். பொருளிலோ திட்டத்திலோ உள்ளூர இருக்கும் குறை ஃபிளா. ஓவர்சைட் என்பதில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். கவனிக்காமல் விட்டதும் ஓவர்சைட், மேற்பார்வை செய்வதும் ஓவர்சைட். முன்னால் 'ஒரு' என்ற பொருளில் 'ஆன்' வந்து 'ஆன் ஓவர்சைட்' என்றானால் பெரும்பாலும் விட்டுப்போனதைக் குறிக்கும்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். 'தேர் வாஸ் ஆன் எரர் இன் தி இன்வாய்ஸ்' என்று மட்டும் எழுதி நிறுத்துவது எனக்குப் பிடிக்காத வழக்கம். பிழை தானாக முளைத்தது போல இருக்கும், படிப்பவருக்கும் அது புரியும். இப்படி எழுதுங்கள்: 'தேர் வாஸ் ஆன் எரர் இன் தி இன்வாய்ஸ் வீ சென்ட் யூ. தி மிஸ்டேக் வாஸ் அவர்ஸ், அண்ட் வீ ஆர் சாரி. எ கரெக்டட் இன்வாய்ஸ் இஸ் அட்டாச்ட்.' முதல் வாக்கியம் தாளில் உள்ளதைச் சொல்கிறது, இரண்டாவது அதைச் செய்தவர்களைச் சொல்கிறது. இந்தக் கடிதத்துக்கு ஃபால்ட் தேவையில்லை. அந்தப் பில்லால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் ஏற்பட்டு, யார் ஏற்பது என்ற பேச்சு எழுந்து, காரணம் உங்கள் தரப்புதான் என்றும் தெரிந்தால், அன்று 'தி ஃபால்ட் வாஸ் அவர்ஸ்' என்றே எழுதுங்கள், மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.