தடுப்பூசி புக் தொலைஞ்சா எல்லா ஊசியும் மறுபடியா?

நைரோபியில வேலை பாக்கற ஒரு வாசகர் கேட்டிருக்கார்: வீட்டு வேலைக்கு வர்ற அம்மா மேற்கு கென்யாவுல காகமேகா பக்கத்துலேர்ந்து 10 மாசக் குழந்தையோட வந்து நைரோபி சேரியான கிபேராவுல தங்கியிருக்காங்க, தடுப்பூசி புக் தொலைஞ்சுபோச்சு, கையில தழும்பும் காணோம், எல்லாத்தையும் மறுபடி போடணுமா, ரெண்டு நாளா வயித்துப்போக்கு வேற.

முதல்ல தழும்பு. நீங்க தோள்பட்டைகிட்ட தேடியிருப்பீங்க, நம்ம ஊர்ல பிசிஜி, அதாவது காசநோய் தடுப்பூசி, அங்கதான போடுவாங்க. கென்யாவுல இடது முன்கையில, முழங்கைக்குக் கீழ போடறாங்க. அங்க பாருங்க, இருந்தா திரும்ப வேண்டாம். இல்லன்னாலும் உடனே போடலன்னு முடிவு கட்டாதீங்க, சில குழந்தைங்களுக்கு போட்டும் தழும்பு விழாது. பதிவும் இல்ல, தழும்பும் இல்லன்னா நர்ஸ் போடுவாங்க, அதுக்கு முன்னாடி அம்மாவுக்கு எச்ஐவி இருக்கான்னு கேப்பாங்க, அத மறைக்கக் கூடாது, ஏன்னா எச்ஐவி தொத்தின குழந்தைக்கு பிசிஜியே ஆபத்தாகலாம். அந்த நேரம் நீங்க ரூமுக்கு வெளிய நில்லுங்க, முதலாளி முன்னாடி எந்தத் தாயும் வாய் திறக்க மாட்டாங்க.

மத்தது 6, 10, 14 வாரத்து ஊசி, 9 மாசத்து தட்டம்மை ஊசி. ஊர் கிளினிக் ரிஜிஸ்டர்ல குழந்தை பேர் இருக்கும், அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க. கிடைச்சா விட்ட இடத்துலேர்ந்து போடுவாங்க. கிடைக்கலன்னா மறுபடி போடுவாங்க, ஒரு டோஸ் கூடிப்போனா பெரிய கெடுதல் ஒண்ணும் இல்ல.

ஆனா யாராவது புரோக்கர் புது புக்குல பழைய தேதி போட்டு டிக் அடிச்சுத் தர்றேன்னா தயவுசெஞ்சு பைசா குடுக்காதீங்க. டிக் தட்டம்மையை தடுக்காது, அடுத்து பாக்கற நர்ஸும் அத நம்பி ஊசி போடாம விட்டுடுவாங்க. அரசு கிளினிக்ல இந்த ஊசிங்க இலவசம். எஸ்எச்ஏ, அதாவது கென்ய அரசு மருத்துவக் காப்பீட்டுப் பதிவுக்கும் புரோக்கர் வேண்டாம், போன்ல *147# போட்டு அந்தம்மாவே பண்ணலாம்.

வயித்துப்போக்குக்கு கெமிஸ்ட் கடையில ஆன்டிபயாடிக், வயிறு கட்டற மாத்திரை ரெண்டும் வேண்டவே வேண்டாம். ஓஆர்எஸ், கூட ஜிங்க் 20 மில்லிகிராம் தினம் ஒண்ணு, 10லேர்ந்து 14 நாள், போக்கு நின்னாலும் நிறுத்தாதீங்க. பாக்கெட்டுல எழுதின அளவைப் படிங்க, அங்க அரை லிட்டர் பாக்கெட் உண்டு, ஒரு லிட்டர்ல கரைச்சா பிரயோஜனம் இல்ல. தாய்ப்பால் தொடரட்டும். ரத்தம் போனா, கண்ணு குழிஞ்சா, குடிக்க முடியாம துவண்டா உடனே ஆஸ்பத்திரி.

ஜெர்ரிகேன்ல காசு குடுத்து வாங்கற தண்ணியையும் காய்ச்சணும், ஏன்னா குடிதண்ணி பிளாஸ்டிக் பைப் சாக்கடைக்குள்ளயே போகுது. 2000ல எடுத்த சர்வேல நைரோபி சேரிகள்ல 1000க்கு 151 குழந்தைங்க 5 வயசுக்குள்ள செத்தாங்க, அது அப்போ கென்ய கிராமங்களை விட மோசம், ஆனா நகர சராசரின்னு பாத்தா 62தான், அந்த நம்பருக்குள்ள இந்தக் குழந்தைங்க காணாமப் போயிட்டாங்க. 2013லேர்ந்து சுகாதாரம் 47 கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) அரசுங்க கையில, குழந்தை ஒரு கவுண்டிலேர்ந்து இன்னொண்ணுக்கு வந்தா அதோட ரெக்கார்டும் கூடவே வரணும் இல்லையா?

நாளைக்கே கூட்டிட்டுப் போங்க, லேசான வயித்துப்போக்குக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்ல.