அந்த ஒரு ‘கூட’

கேள்வி: எனக்கு 41 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். சண்டை போட்டுக்கொண்டு காங்கேயத்தில் அம்மா வீட்டுக்குப் போன மனைவி, ஐந்து வருடமாகத் திரும்பவில்லை. விவாகரத்துக்கும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். எட்டாவது படிக்கும் மகள் அவளிடம்தான் இருக்கிறாள். இறங்கி வரட்டும் என்று ஜூனிலிருந்து மகளின் ஸ்கூல் வேன் வாடகையைக்கூட நிறுத்திவிட்டேன். டவுன் பஸ்தான் பெண்களுக்கு இலவசமாயிற்றே. ஐந்து வருடம் பிரிந்திருந்தால் தானாகவே விவாகரத்து ஆகிவிடும் என்கிறார் நண்பர். உண்மையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஆகாது. பிரிந்திருப்பதாலேயே எந்தக் கல்யாணமும் கலைந்துவிடாது. மீள முடியாதபடி முறிந்துபோன திருமணத்தைத் தன் தனி அதிகாரத்தில் கலைக்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் நண்பர் அதை அரைகுறையாகக் கேட்டிருப்பார். அரசியல் சட்டப் பிரிவு 142 தரும் அந்த அதிகாரம் திருப்பூர் கோர்ட்டுக்குக் கிடையாது.

இப்போது நான் கேட்கிறேன். ‘வேன் வாடகையைக்கூட’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் ‘கூட’ எதற்கு? அதற்கு முன்னால் எதையெல்லாம் நிறுத்தினீர்கள்? வீட்டுச் செலவுக்கு அனுப்பியதையா? ஸ்கூல் ஃபீஸையா? தீபாவளித் துணியையா? மிச்சம் இருந்தது வேன் ஒன்றுதான் போல. அதையும் பிடுங்கிவிட்டு, பஸ் இலவசம் என்று கணக்கு வேறு சொல்கிறீர்கள். 2021-ல் அந்த டிக்கெட்டை இலவசமாக்கியது பெண்கள் கையில் நாலு காசு மிஞ்சட்டும் என்று. அப்பன்மார் மிச்சம் பிடிக்கவா?

ஒத்துவராத புருஷன் பெண்டாட்டியைக் கட்டிப்போட்டு வைப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பிரிந்துகொள்ளுங்கள். ஆனால், பெற்ற பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைப் பேரத்துக்கு வைக்கிற ஆளிடம் எனக்குத் துளியும் இரக்கம் வராது. பஸ் ஸ்டாப்பில் நிற்கிற அந்தப் பிள்ளைக்கு, வேன் ஏன் நின்றது என்று தெரியும். அம்மா சொல்லாவிட்டாலும் தெரியும்.

கையெழுத்து என்கிறீர்களே, அது பத்திரத்தில் ஒருமுறை போட்டு முடிகிற சமாசாரம் இல்லை. இந்து திருமணச் சட்டம் 13பி-யின்படி இரண்டு பேரும் சேர்ந்து மனுப் போட வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி கோர்ட்டுக்கு வந்து சம்மதம் சொல்ல வேண்டும் (அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் விலக்கலாம் என்று 2017-ல் ஒரு தீர்ப்பு உண்டு). தீர்ப்புக்கு முன் உங்கள் மனைவி மனம் மாறினால் அதோடு முடிந்தது. வற்புறுத்தி வாங்கிய சம்மதமா என்றும் நீதிபதி பார்ப்பார். மகளின் வேனை நிறுத்தி வாங்குகிற சம்மதத்துக்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?

அவர் கையெழுத்து இல்லாமலும் நீங்கள் தனியாக மனுப் போடலாம். நியாயமான காரணமில்லாமல் இரண்டு வருடத்துக்குக் குறையாமல் விட்டுப்போயிருந்தால் அதுவே விவாகரத்துக்கு ஒரு காரணம். நிரூபிக்க வேண்டியது நீங்கள். என்ன சண்டை என்று எனக்கே நீங்கள் எழுதவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்காமல் விடுவாரா? வாய்தா வாய்தாவாக வருடங்கள் ஓடும். தன் தப்பையே தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறவருக்குத் தீர்ப்புக் கிடைக்காது என்கிறது பிரிவு 23; வேன் கதை முதல் வாய்தாவிலேயே வெளியே வரும். அவர் ஜீவனாம்சம் கேட்டாலோ, மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்குப் பார்த்துக் கட்டச் சொல்வார்கள். 2020-ல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டது.

அவர் ஏன் மறுக்கிறார் என்று யோசித்தீர்களா? புருஷன் என்ற பெயர் இருக்கும்போதே வேனை நிறுத்துகிறவர், கையெழுத்து வாங்கின பிறகு என்ன தருவார்? நானாக இருந்தாலும் போட மாட்டேன்.

மகள் படிப்புக்கு மாதம் எவ்வளவு, அவர் போட்டுக்கொண்டு வந்த நகை யாரிடம் இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுதுங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனால், வழக்குக்கு முன்பே இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசவைப்பார்கள். எழுதியதை அங்கே வையுங்கள். அதற்கும் அவர் இணங்காவிட்டால் வக்கீலைப் பாருங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் வேன்காரருக்கு போன் போடுங்கள். மகள் உட்காரும் சீட்டை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாரா என்று கேளுங்கள்.