சிங்கப்பூர் வேலைக்கு முன்பே வட்டி ஓட ஆரம்பித்துவிட்டது

கேள்வி: சொந்த ஊர் தேவகோட்டை, வயது 31. பி.காம் முடித்துவிட்டுக் காரைக்குடியில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன், கைக்கு 28,000 ரூபாய். சிங்கப்பூரில் வேலை தேடி இரண்டு தடவை விசிட் விசாவில் போய் வந்தேன். அந்தச் செலவுக்கு ஆத்தாவின் நகையை வங்கியில் வைத்த வகையில் 3 லட்சம் நிற்கிறது, வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறேன். இப்போது திருச்சி ஏஜென்ட் ஒருவர் மாதம் 2,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளத்தில் எஸ் பாஸ் வேலை, அதாவது நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான அனுமதிச் சீட்டில் வேலை என்கிறார். மொத்தம் 5 லட்சம், பாதி முன்பணம். அங்கே இருக்கும் பங்காளி வீட்டு அண்ணன், தான் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டில் ஒரு ரூம் தருகிறேன், 2,400 வெள்ளி அட்வான்ஸை உடனே அனுப்பு என்கிறார். ஒன்றரை வட்டிக்கு நாலரை லட்சம் வாங்கலாமா? போவதற்கு முன், காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்த யூலிப் பாலிசி ஒன்றும் போட்டுவிடச் சொல்கிறார் வங்கி நண்பர்.

பதில்: இரண்டு தடவை போய் வந்தவருக்கு வேலை தேடும் விதத்தை நான் சொல்லித்தர வேண்டாம், தம்பி. எனக்கு உறுத்துவது உங்கள் வரிசை. கடன் முதலில், ரூம் அடுத்தது, வேலை கடைசியில் என்று போட்டிருக்கிறீர்கள். வேலை தேடுவதற்கே கடன் வாங்குகிற இந்தப் பழக்கத்தை இங்கேயே நிறுத்த வேண்டும்.

கணக்கைத் தோராயமாகப் பாருங்கள். பழைய 3 லட்சத்துக்கு 9 சதவீதம் வைத்தாலும் வருடத்துக்கு 27,000. புது நாலரை லட்சத்துக்கு ஒன்றரை வட்டி என்றால் மாதம் 6,750, வருடத்துக்கு 81,000. இரண்டும் சேர்ந்து 1,08,000, அதாவது மாதம் 9,000. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடும், அசல் அப்படியே நிற்கும், ஏஜென்டின் மீதி இரண்டரை லட்சம் இன்னும் பாக்கி. கணக்குப் பார்க்கிறவர் நீங்கள், சொந்த வீட்டுக்கு ஒரு ஐந்தொகை (சொத்து, கடன் கணக்கு) போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா?

அப்புறம் அந்த 2,800 வெள்ளி. சிங்கப்பூரில் எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பரிலிருந்து 3,300 வெள்ளி, வயது ஏற ஏற இது கூடும், 31 வயதுக்குச் சில நூறு வெள்ளி சேர்த்தே கேட்பார்கள். அப்படியிருக்க 2,800-க்கு எஸ் பாஸ் எங்கிருந்து வரும்? வேலையே இல்லாமல் இருக்கலாம், இல்லையென்றால் தாளில் ஒரு சம்பளம் காட்டிவிட்டுக் கையில் வேறு கொடுக்கிற ஏற்பாடாக இருக்கலாம். இரண்டாவதில் பாஸ் போனால் போகிறவர் நீங்கள்தான். இன்னொன்று, நம் நாட்டில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும், ஆக 35,400-க்கு மேல் வாங்கக் கூடாது. பதிவு எண்ணைக் கேட்டு, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். எண்ணைக் கேட்டதும் பேச்சு மாறினால் அதோடு விட்டுவிடுங்கள்.

விசிட் விசாவில் மூன்றாவது தடவையும் போகலாமா என்று கேட்டுவிடாதீர்கள். பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டியது அங்குள்ள நிறுவனம். சேவைத் துறையில் அவர்கள் எஸ் பாஸில் எடுக்கும் ஆட்கள் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஓர் ஆளுக்கு மாதம் 650 வெள்ளி அரசுக்குத் தீர்வையும் கட்ட வேண்டும். அவர்கள் யோசிப்பது இதையெல்லாம்தான், நீங்கள் அங்கே போய் நின்றால் இது மாறுமா? காரைக்குடியில் இருந்துகொண்டே விண்ணப்பியுங்கள், முதல் சுற்று நேர்காணல் பெரும்பாலும் வீடியோவில்தான் நடக்கிறது.

ரூம் விஷயத்தில் அண்ணனிடம் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டியிருக்கும். அந்த வீடு அடுக்குமாடி அரசு வீடாக இருந்தால், வாடகைக்கு இருப்பவர் அதை மறுபடி உள்வாடகைக்கு விட முடியாது, வீட்டுக்காரர்தான் விடலாம். வாடகைக்கு வரும் வெளிநாட்டவரிடம் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ் இருக்க வேண்டும். ஆக, கையில் பாஸே இல்லாத உங்களிடம் இப்போது 2,400 வெள்ளி வாங்குவதில் அர்த்தமே இல்லை. ஒரு காலத்தில் நம் செட்டிநாட்டு நகரத்தார் அங்கே மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் (வட்டிக்கடைக் கட்டடத்தில்) ஆளுக்கொரு பெட்டியோடு போய் இறங்கினார்கள், தங்கும் இடம் தொழிலோடேயே இருந்தது. அந்த வசதி இப்போது இல்லை. "பாஸ் வரட்டும்ண்ணே, வந்ததும் ஒரு வாரம் உங்க வீட்டில் விருந்தாளியா இருக்கேன், ரூமை நானே நேரில் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பாஸ் கிடைத்த பிறகு எவ்வளவு வேண்டும்? ரூம் 1,000 வெள்ளி என்று வையுங்கள். ஒரு மாத அட்வான்ஸ், ஒரு மாத வாடகை, ஒரு வருட ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை 48 வெள்ளி, முதல் சம்பளம் வரும்வரை சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் 750. எல்லாம் 2,800 வெள்ளிக்குள், வெள்ளி 68 ரூபாய் என்றால் 1,90,000. திருச்சியிலிருந்து டிக்கெட் சேர்த்தால் இரண்டு லட்சம் சொச்சம். ஏழரை லட்சம் கடன்காரராக நீங்கள் விமானம் ஏற வேண்டியதே இல்லை.

இந்த இரண்டு லட்சத்தை மாதம் 12,000 வீதம் வங்கியில் ஆர்டி (தொடர் வைப்பு) போட்டால் பதினேழு மாதத்தில் சேர்த்துவிடலாம், அதற்குப் பழைய அடகு முதலில் தீர வேண்டும். ஆத்தாவிடம் பேசி, இருக்கிற நகையில் மூன்று நான்கு பவுனை விற்று அந்த 3 லட்சத்தை அடைத்துவிடுங்கள். வீட்டில் சண்டை வரும், தெரியும். ஆனால் வட்டியை மட்டும் கட்டி வருடா வருடம் திருப்பி வைத்தால் அந்த நகை கழுத்துக்கு வரவா போகிறது?

யூலிப்பா? எந்தப் பணத்தில் போடுவதாக உத்தேசம்? அந்த நண்பருக்குக் கமிஷன் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆத்தாவுக்கு ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று கடிதத்தில் எழுதவில்லை, இல்லையென்றால் கிளம்புவதற்கு முன் அதை எடுங்கள். வேலை உறுதியாகிக் கிளம்பும்போது இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வைத்துக்கொள்ளும் கணக்காக) மாற்ற வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.